ரீல் மாற்றும் நேரம்

புக்கிட் ரோத்தானிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தாமான். போன தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து அங்குள்ள மண்டபத்தில் ஓர் இரவு நிகழ்ச்சி வைத்தார்கள். பழைய நகைச்சுவைக் காட்சிகள், பழைய பாடல்கள், அவ்வளவுதான். நூறு பிளாஸ்டிக் நாற்காலி, மீகூன், வடை, ஒரு பெரிய பானையில் தே ஓ. வேலைகளைப் பிரித்தபோது புரொஜெக்டர் என் தலையில் விழுந்தது. "தம்பி இன்ஜினியர்தானே, நீயே பாத்துக்க" என்றார் கமிட்டித் தலைவர். நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் ஊரில் அந்த வித்தியாசமெல்லாம் எடுபடாது.

'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியை எல்லோருக்கும் தெரியும். 1964-இல் வந்த படம். பாலையாவின் முகம் பயத்தில் மாறத் தொடங்கிய நேரத்தில் என் மடிக்கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடிவு செய்தது. திரை நீலமாகிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள நான் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி திரும்பி, "ரீல் மாத்துறாங்க, உக்காருங்க" என்றார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் மீதிக் காட்சியைப் பாலையாவின் குரலிலேயே சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் நாகேஷாகிக் கையை ஆட்டினார். அவர் முடிப்பதற்குள் பெண்கள் பக்கம் ஒரு பாட்டு கிளம்பிவிட்டது. ஏழு நிமிடம் கழித்துக் கணினி உயிர் பெற்றபோது, "இருப்பா, அவசரப்படாத" என்று என்னை அடக்கினார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என் பாட்டியிடம் கேட்டேன், ரீல் மாற்றுவது என்றால் என்ன? அவர் சொன்னதையும் அதன்பிறகு நான் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தோட்டங்களுக்கு வந்தது 16 மி.மீ. படச்சுருள். அதில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டம் ஓட வேண்டும். 1600 அடி கொண்ட பெரிய சுருள் ஒன்று ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு நான்கு சுருள். பட்டணத்துத் தியேட்டரில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும், ஒன்று முடியும்போது மற்றது தொடங்கும், பார்ப்பவனுக்குத் தெரியாது. தோட்டத்துப் பந்துத்திடலுக்கு வந்ததோ ஒரே இயந்திரம். ஆக என் பாட்டியின் தலைமுறைக்கு எந்தப் படமும் மூன்று இடத்தில் உடையும். உடைந்த இடத்தில் பெண்கள் லயத்துக்கு ஓடி அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்கள். கச்சாங் பூத்தே விற்பவருக்கு வியாபாரம் நடக்கும். வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆள் தோட்டத்துக்கு ஒருவராவது இருப்பார், அவருடைய நேரமும் அதுதான். "படத்த விட அவன்தான் நல்லா சிரிக்க வைப்பான்" என்றார் பாட்டி. அவர் யாரென்று கேட்டேன். ஒட்டுப்பால் ஸ்டோரில் வேலை செய்தவராம்.

இது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் திடலுக்குத் திரை எப்படி வந்தது என்று தேடிப்போனால் இனிமை குறைந்துவிடும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. சம்பளம்தான் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் பார்த்தபோதுதான் வேறு பலவும் தெரிந்தன. துரைக்கு முன் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். வேலை முடிந்த பிறகு நாலு பேர் சேர்ந்து உட்காருவதையும் வெளியூர்க்காரன் வந்து அவர்களோடு உட்காருவதையும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. மே மாதம் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், துருப்புகள் வந்தன, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள்.

போருக்குப் பிறகு மறுபடியும் சங்கங்கள் எழுந்தன. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் பிடிபட்டது நமக்குப் பக்கத்தில்தான், ராவாங் அருகே ஒரு தோட்டத்தில். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது, ஊரடங்கு வந்தது. ஜனங்கள் கூடினால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அரசாங்கம் பயந்த காலம்.

அந்த ஜனங்களையே கூட்டுவதற்கு அதே அரசாங்கம் வேன் அனுப்பியது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. 1946-இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளிலும் குரல் கொடுத்துப் படங்கள் தயாரித்தது. தகவல் இலாகாவின் நடமாடும் வேன்கள் அவற்றைத் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டின. காடுகளில் இருப்பவர்களுக்கு உதவாதே, சுகாதாரமாக இரு, நல்ல பிரஜையாக இரு. ஜனங்கள் கூடலாம், பேசுவது மட்டும் திரையின் வேலை.

பாட்டிக்கு அந்தப் படங்களில் ஒன்றுகூட நினைவில்லை. வேன் நினைவிருக்கிறது. வெள்ளைத்துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிப் பார்த்தது நினைவிருக்கிறது. "கொசுவப் பத்தி ஒண்ணு போட்டான். அந்தக் கொசு இம்மாம் பெரிசு. அதப் பாத்துச் சிரிச்சதுல பக்கத்து லயத்துக் கிழவிக்கு வெத்தில பொரை ஏறிருச்சி." பிரச்சாரப் படம் எடுத்தவருக்கு இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். இதை எதிர்ப்பு என்று பெரிய வார்த்தை போட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கொசு பெரிதாக இருந்தது, சிரித்தார்கள். ஆனால் எதற்குச் சிரிப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

திரைக்கு முன்பே சிரிப்பு இசைத்தட்டில் வந்திருந்தது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு கணவன் மனைவி சண்டையைத் தொடங்கி முடிக்கத் தெரிந்தவர்கள் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும். கிருஷ்ணனின் 'கிந்தனார்' பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நந்தனார் சிதம்பரம் போனார். கிந்தன் பட்டணம் போகிறான், ரயிலேறி. படித்துப் பள்ளிக்கூட ஆய்வாளராகத் திரும்புகிறான். 1949-இல் 'நல்லதம்பி' படத்திலும் இது வந்தது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, மறுநாளே பால் வாளியைத் தூக்கிய பிள்ளைகள் இருந்த இடத்தில் இந்தக் கதை எப்படி விழுந்திருக்கும்! என் தாத்தா அதை முழுசாகச் செய்துகாட்டுவாராம். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளில் பாட்டி, "கிந்தன் கெளம்பிட்டான்" என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் விளங்கியது.

தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்தது 1963 டிசம்பர் 28-இல். பாட்டியின் தோட்டத்து மண்டபத்துக்கு வர இன்னும் சில வருடம் ஆனது. கதவு வைத்த மரப்பெட்டிக்குள் பெட்டி. சாவி கிராணியிடம். பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும், படத்தில் கல்யாணம் முடிந்ததோ இல்லையோ. முடிவு தெரியாத படங்கள் அவரிடம் நிறைய இருக்கின்றன. சிலவற்றை யூடியூப்பில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அவரே முடித்து வைத்திருக்கிறாராம்.

தமிழ்ப்படம் இல்லாத நாட்களில் பி. ரம்லி. 1957-இல் வந்த 'புஜாங் லாப்போக்'கும் அதைத் தொடர்ந்த படங்களும் தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. வாடகை பாக்கி, வேலை தேடல், பெண் கேட்கப் பயம், இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு வேண்டாம். பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழர்கள் மூவரும் மலாய்க்காரர்கள். ஒரு ஹரிராயா விடுமுறைக்கு முன்னிரவில் ரம்லி படம் ஓடியபோது நான் வசனத்தை முந்திக்கொண்டு சொல்ல, அவர்கள் வாய் பிளந்தார்கள். முதல் மலாய்ப் படம் 'லைலா மஜ்னு'வை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர் என்றும், ரம்லி நாயகனாக நடித்த 'பக்தி'யை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர் என்றும் சொன்னேன். நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு எனக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் இரவிலும் ரம்லி இருந்தார். பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் பாட்டும் இரண்டு போட்டோம். 2007-இல் இறந்துபோன லோகநாதனின் குரல் வந்ததும் கமிட்டித் தலைவரே எழுந்து ஆடினார், அவருக்கு மூட்டுவலி. டி. எம். எஸ்., சுசீலா, பி. பி. ஸ்ரீநிவாஸ் என்று பெண்கள் பக்கத்திலிருந்து துண்டுச்சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. நகைச்சுவையில்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டமாகிவிட்டது. பழைய சிரிப்பெல்லாம் பாவமற்ற சிரிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கறுப்பு நிறத்தை, மனைவியை அடிப்பதை, ஒருவன் பேசும் மலாயின் உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைக்கும் காட்சிகள் மூன்றில் ஒன்றாவது இருக்கும். நீக்கிவிட்டேன். "எல்லாத்தையும் வெட்டிட்டா என்னா மிஞ்சும்?" என்று ஒரு மாமா கேட்டார். நாகேஷ் மிஞ்சினார். போதும் என்று எனக்குத் தோன்றியது, அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் முடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, நம் ஆட்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ, பிறகு 1996-இல் ஆஸ்ட்ரோ. சேர்ந்து உட்கார வேண்டிய அவசியமே போய்விட்டது. இப்போது செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அன்றிரவு அவர்களில் ஏழெட்டுப் பேர் சத்தம் கேட்டு வந்து மண்டப வாசலில் நின்றார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாஷை தெரியாமலேயே நாகேஷுக்குச் சிரித்தார்கள். நீலத்திரை வந்தபோதும் போகாமல், பாலையாவாகப் பேசியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கணினியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் அவர்களிடம் போய் ஏதோ சொன்னார். இது நம்ம ஆளுங்க நிகழ்ச்சி, உணவும் எண்ணிப் போட்டிருக்கிறது, அப்படி ஏதோ. கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.

1941-ஆம் ஆண்டுக் கோரிக்கைகளை நான் படித்தது அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான். முன்பே படித்திருந்தால் எழுந்துபோயிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கியபோது மணி பதினொன்றரை. மீகூன் ஒரு தட்டம் மிச்சமிருந்தது. ரீல் மாற்றுவதைச் சொன்ன அந்தப் பாட்டி மகன் கார் எடுத்துவரக் காத்திருந்தவர், வாசலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அங்க நின்னுக்கிட்டிருந்த பையனுங்க எங்கப்பா? அவனுங்களுக்குக் காலையில பெரட்டு இருக்கா?"

இருக்கும் பாட்டி, என்றேன்.