பழைய இதழ்களின் அட்டைப் படங்கள்

தமிழ்ப் பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கதைகளையும் கட்டுரைகளையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். அட்டைப் படங்களைப் பற்றி எழுதினோர் சிலரே. அதற்கான காரணம் நம் வீடுகளிலேயே உள்ளது. தொடர்கதையை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்துப் பைண்டு செய்தபோது, நாம் முதலில் எறிந்தது அட்டையைத்தான். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை என் பாட்டனார் இக்காலனியிலிருந்தபடியே சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார். சென்னையிலிருந்து இரயிலில் வந்த இதழ்கள் அவை. மணியம் வரைந்த உட்படங்கள் அத்தொகுதிகளில் பத்திரமாக இருக்கின்றன. அட்டையோ ஒன்றுகூட இல்லை.

1926இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. அங்கே மாலி தூரிகை பிடித்தார். கோபாலன் என்ற இளைஞருக்குக் 'கோபுலு' என்றும், சீனிவாசனுக்குச் 'சில்பி' என்றும் பெயர் சூட்டியவர் அவரே. கோபுலுவின் நகைச்சுவைச் சித்திரங்கள் விகடன் அட்டையில் வந்த காலத்தில், சந்தா கட்டியவர் இதழைப் பிரிக்குமுன்பே சிரித்து விடுவார். அக்காலத்து நாற்காலி, குடை, வானொலிப் பெட்டி, மாமியாரின் மடிசார்க்கட்டு ஆகிய யாவும் அப்படங்களில் உள்ளன. பிற்காலத்தில் திரை நட்சத்திரங்களின் புகைப்படங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்நாளில் வண்ண அட்டை அச்சிடுவது எளிதன்று. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நிறத்துக்கொரு பிளாக் செய்து, ஒரே தாளை ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனியே அச்சில் ஏற்றினார்கள். மயிரிழை பிசகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். அவ்வாறு பிசகிய அட்டைகளிடமே எனக்குப் பிரியம் அதிகம்.

இத்தகைய தாள்களைப் பொருட்படுத்திச் சேர்த்தவருள் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர் அவர். நூல்களோடு வாரப் பத்திரிகைகளையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

என் சேகரம் மிகச் சிறியது. பழைய தாள் கடைகளில் பொறுக்கியது. முதலில் அறியாமையால் அட்டைகளை மைதாப் பசை கொண்டு பலகையில் ஒட்டினேன். பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வந்தது. பிறகு சிலவற்றிற்குப் பிளாஸ்டிக் உறையைச் சூட்டால் ஒட்டவைத்தேன். அதைப் பிரிக்க இயலாது என்பது பின்னரே தெரிந்தது. ஏழு அட்டைகள் இவ்வாறு பாழாயின. இப்போது துருப்பிடித்த கம்பியை நீக்கி, பசையின்றி, தெளிந்த பாலியெஸ்டர் உறையில் நிறுத்துகிறேன். மரக்கூழ்த் தாள் வெயில் பட்டால் பழுத்து நொறுங்கும். ஆதலால் ஆண்டு விழாவில் சன்னலில்லாத பின்சுவரைக் கேட்டுப் பெற்றுள்ளேன்.

அங்கே 34 அட்டைகள் இருக்கும். ஒன்றை மட்டும் சுவரில் சாத்தாமல் நூலில் தொங்கவிடுவேன். எங்கள் சமையலறை அலமாரியில் விரிக்கப்பட்டிருந்ததால் பிழைத்த அட்டை அது. அதன் பின்புறத்தில் என் பாட்டியார் ஒரு மாதத்துப் பால் கணக்கைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்.