மஞ்சளும் சிவப்பும் தந்த ஆசிரியர்

விளையாட்டு மைதானத்திலே வென்றவனுக்கு மாலை கிடைக்கின்றது. தோற்றவனுக்கு ஆறுதல் கிடைக்கின்றது. விசிலோடு ஓடிய மத்தியஸ்தருக்கோ பெரும்பாலும் வசைமொழியே கிடைக்கின்றது. நான் பயின்ற கல்லூரியில் ஒருமுறை எங்கள் அணி தோற்றபோது, மத்தியஸ்தராக நின்ற எம் ஆசிரியரையே நோக்கி நாம் கூக்குரலிட்டோம். மறுநாட் காலை அவர் எதுவும் நிகழாததுபோல் கணக்குப் பாடம் நடத்தினார். அன்றைய வெட்கமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

அவரைப் போலவே ஆசிரியராயும் மத்தியஸ்தராயும் வாழ்ந்தவர் கென் ஆஸ்ரன். 1915இல் இங்கிலாந்தின் கொல்செஸ்ரர் நகரிற் பிறந்தார். பள்ளிச் சிறுவரின் உதைபந்தாட்டங்களிலே தொடங்கிய அவரது பணி, 1936இல் முறையான தகுதியைப் பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் படையிற் சேர்ந்தார். போர் ஓய்ந்தபின் சிங்கப்பூர்ச் சாங்கியில் நடைபெற்ற போர்க்குற்ற விசாரணையிலும் பங்குகொண்டார். நாடு திரும்பி, 1953இல் இல்பேட்டிலுள்ள நியூபரி பார்க் பாடசாலையின் தலைமையாசிரியரானார். மூடுபனியில் எல்லைக்கோட்டு மத்தியஸ்தரின் மங்கிய கொடிகள் புலப்படாமையைக் கண்டு, 1946–47 பருவத்தில் மஞ்சளும் சிவப்புமான பளிச்சிடும் கொடிகளைப் புகுத்தியவர் அவரே. கண்ணுக்குப் புலப்படாத தீர்ப்பினால் பயனில்லை என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார்.

அவரைச் சோதித்த நாள் 1962 ஜூன் 2. உலகக் கிண்ணத்துக்காகச் சிலியும் இத்தாலியும் சந்தியாகோ நகரில் மோதின. ஆட்டம் அடிதடியாயிற்று. வெளியேற்றப்பட்ட இத்தாலிய வீரர் வெளியேற மறுத்தார். பொலிசார் உட்புக நேர்ந்தது. இத்தாலியர் இருவர் வெளியேற்றப்பட்டனர். ஆயின் முட்டியால் குத்திய சிலி வீரர் ஒருவர் தண்டனையின்றித் தப்பினார். இதனால் ஆஸ்ரன் மீது கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தை முற்றிலும் நியாயமற்றதென்று கூற முடியாது. எனினும் அவர் மனமுடைந்து ஒதுங்கவில்லை. 1963இல் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தை நடத்தினார். 1966 உலகக் கிண்ணப் போட்டியில் மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாளரானார்.

அவ்வாண்டு ஜூலை 23ஆந் திகதி இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் ஆடின. ஆர்ஜென்ரீனத் தலைவர் ரட்டீனை, ஜெர்மானிய மத்தியஸ்தர் கிறைற்லைன் வெளியேறப் பணித்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை; ரட்டீன் நகரவுமில்லை. ஆஸ்ரனே உட்சென்று சமாதானஞ் செய்ய நேர்ந்தது. ஆங்கில வீரர்களான சாள்ரன் சகோதரர் இருவருக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டதோ என்பதும் மைதானத்தில் தெளிவாகவில்லை. அதைச் செய்தித்தாள்களே வெளியிட்டன.

இதைச் சிந்தித்தவாறு லண்டனில் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்ற ஆஸ்ரன், கென்சிங்ரன் வீதியின் சமிக்ஞை விளக்கிலே விடையைக் கண்டார். மஞ்சளெனில் அவதானம், சிவப்பெனில் நில். எம்மொழியினனுக்கும் விளங்கும் மொழி அது! 1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அவ்விரு அட்டைகளும் வழக்குக்கு வந்தன. உலகக் கிண்ணத்தின் முதற் சிவப்பு அட்டை 1974இற் காட்டப்பட்டது; அதைப் பெற்றவர் சிலி நாட்டவர் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

புகழ் வந்தபின்னும் அவர் சிறுவரை மறந்தாரல்லர். அமெரிக்காவிற் சென்று, இளைஞர் உதைபந்தாட்ட அமைப்பொன்றின் மத்தியஸ்தர்களுக்கு நெடுங்காலம் பயிற்சியளித்தார். தம் பிள்ளைகளின் ஆட்டத்துக்காக விசில் ஏந்திய சாதாரணப் பெற்றோரும் அவரிடம் பாடங் கேட்டனர். 1997இல் பிரித்தானிய அரசின் விருது பெற்ற அவர், 2001இல் மறைந்தார்.

தீர்ப்புக் கூறுபவனுக்கு நேர்மை மட்டும் போதாது. தண்டிக்கப்படுபவனுக்கும் அத்தீர்ப்பு விளங்கவேண்டும். தன் பிழையை ஒளிக்காது, அது மீண்டும் நேராதிருக்க வழி தேடுபவனே சிறந்த ஆசிரியன். இளைஞர்களே, பந்தை உதைக்க நம்மிற் பலர் இருக்கின்றோம்; விசிலை ஏந்த முன்வருவோர் எத்தனை பேர்? அடுத்த ஆட்டத்திலே தோல்வியுற்றாலும், மத்தியஸ்தரிடஞ் சென்று கைகுலுக்கி நன்றி கூறுவோமாக. என் ஆசிரியருக்கு அன்று நான் கூறத் தவறிய நன்றி அது.