பத்மினியின் நீலம்

எங்கள் மாட்டுங்கா கட்டிடத்தில் ஒரு மாமாவிடம் வெளிர்நீல பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாக மரத்தடியில் நின்று, தூசியும் காக்கை எச்சமும் படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. பையன் "காயலான் கடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்கிறான். மாமா என்னிடம் வந்து, "தேய்ச்சா தேறுமா, சொல்லேன்" என்றார். வாராக்கடனைத் தேற்றுவதுதானே நம்ம பொழைப்பு! ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டேன் :-)

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலையில் 1964-ல் ஃபியட் 1100 டி வர ஆரம்பித்தது. அதுவே எழுபதுகளில் பத்மினி ஆனது. பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் அது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2003-ல் பதிவான கடைசி பத்மினி டாக்சியும் 20 வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

சரி, பெயிண்ட் கதைக்கு வருவோம். ஆரம்ப காலக் கார்களுக்குக் குதிரை வண்டி மாதிரியே பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினார்கள். கோட்டிங் கோட்டிங்காகக் காய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு தன் மாடல் டி-யை 1914 முதல் 1925 வரை கருப்பில் மட்டுமே கொடுத்தார். 1920-களின் நடுவில் டூபாண்ட் கம்பெனியின் 'டூகோ' வந்தது. ஸ்ப்ரே செய்தால் சீக்கிரம் காயும், பல நிறமும் கிடைக்கும். நம் நாட்டுப் பட்டறைகளில் கார் பெயிண்டையே இன்றும் டூகோ என்பது அந்தப் பெயரின் மிச்சம்தான்.

அந்தக் காலப் பெயிண்டில் ஒரு விஷயம். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி 'கிளியர் கோட்' இருக்கும். உலகெங்கும் அது பரவியது எண்பதுகளுக்குப் பிறகு. பத்மினி மாதிரி பழைய வண்டிகளில் நிறமே மேல்தோல். வெயிலில் அதன் மேற்பரப்பு சிதைந்து சுண்ணாம்பு மாதிரி பூத்துவிடும். பாலிஷ் என்பது அந்தச் செத்த தோலை உரித்தெடுப்பது. அதாவது, பளபளப்பு எங்கிருந்தோ வருவதில்லை. முதலிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் செலவு செய்கிறோம். முதலோ ரொம்பக் குறைவு: மொத்தப் பெயிண்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

அதனால் அவசரப்படவில்லை. நிழலில் நிறுத்தி, எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊற வைத்து எடுத்தேன். காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் விழும். நிறையத் தண்ணீர் விட்டு, கார் ஷாம்பு போட்டு மேலிருந்து கீழாகக் கழுவினேன். கதவின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் சோதித்துவிட்டு, மென்மையான காம்பவுண்டைக் கொஞ்சமாக எடுத்து, ஒரு அடி சதுரமாகக் கையாலேயே தேய்த்தேன். வெள்ளைத் துணி நீலமானது. பயப்பட வேண்டாம், பழைய பெயிண்டின் அடையாளமே அதுதான். விளிம்புகளில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு என்பதால் அங்கே கை வைக்கவில்லை. பம்பரின் குரோமில் லேசாகப் பூத்த துருவுக்கு, சமையலறை அலுமினிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததே போதும்.

கடைசியாக கார்னூபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்று, வெயிலில் ஈரம் போகாமல் இருக்கத் தன் ஓலையில் சுரக்கும் மெழுகு இது. நம்ம பனைக்குத் தூரத்துச் சொந்தம்! காம்பவுண்ட் முதலைச் செலவழிக்கும். மெழுகு மிச்சத்தைக் காப்பாற்றும். சில மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டால், காம்பவுண்டை அடிக்கடித் தொட வேண்டியதில்லை.

டிரைவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு நிறமே இல்லை. "இங்க மட்டும் டச்சப் பண்ணிடலாமா மாமா?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. எங்கப்பா கையை அங்கேதான் வச்சுண்டு ஓட்டுவார்."

அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் பையன் கீழே இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினான். ஒன்றும் பேசவில்லை. தன் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். காயலான் கடைப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.