கீழூரில் கேட்கப்பட்ட கேள்வி

ஒரு நிலப்பகுதி நாடுவிட்டு நாடு கைமாறும்போது, அங்கு வாழும் மக்களைக் கேட்க வேண்டும் என்பதைப் பலரும் ஒப்புவர். ஆனால் யாரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்னுமிடத்தில்தான் உண்மையான அதிகாரம் அடங்கியிருக்கிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே விழுப்புரத்தைக் கடந்து சென்றால், புதுவை நகருக்கு மேற்கே கீழூர் என்னும் சிற்றூர் இருக்கிறது.

மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டம் 27ஆம் விதியில் கூறியது. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்வர் என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் உடன்பட்டன. அதன்படி வங்கத்துச் சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூன் 19 அன்று நேரடியாக வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தனர்.

புதுவை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கிலும் அத்தகைய வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. அதற்குரிய நிபந்தனைகளைப் பற்றிய தகராறிலேயே ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 1954 அக்டோபர் 18 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 ஜூலையில்தான் ஒப்புதல் தந்தது. அதே மாதம் முதல் நாள், அல்ஜீரிய மக்கள் நேரடி வாக்கெடுப்பில் விடுதலையைத் தேர்ந்திருந்தனர். அங்கே ஒவ்வொருவரும் கேட்கப்பட்டனர். இங்கே பிரதிநிதிகள் கேட்கப்பட்டனர்.

ஆயினும் தனிமனிதனிடமும் ஒரு கேள்வி வந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16 அன்று, அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். பழைய குடியுரிமையை விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சைகோனோடு கடல் வாணிகத் தொடர்பு கொண்டிருந்த காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது ஏட்டளவான செய்தியன்று. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகனாகவும் தம்பி இந்தியக் குடிமகனாகவும் ஆவதற்கு அது இடந்தந்தது.

அவ்வொப்பந்தத்தின் இரண்டாம் விதி, இப்பகுதிகளின் தகுதியை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது. அறியும் வழியை அது சொல்லவில்லை. 1979 ஜனவரியில் புதுவையைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது, விடை வாக்குப்பெட்டியிலிருந்து வரவில்லை. தெருவில் மூண்ட கிளர்ச்சியிலிருந்து வந்தது. இணைப்பும் கைவிடப்பட்டது.

இந்திய அரசியல் சட்டத்தில் நாடுதழுவிய பொதுவாக்கெடுப்புக்கு இடமில்லை. 1978இல் ஜனதா அரசு ஒரு வழி காண முயன்றது. சமயச் சார்பின்மை, மக்களாட்சி, அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவற்றைக் குலைக்கும் திருத்தம் எதுவும், வாக்காளரில் 51 விழுக்காட்டினரேனும் பங்குபெறும் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றாலன்றிச் செல்லாது என்பது அதன் திட்டம். மக்களவை ஏற்றது, மாநிலங்களவை மறுத்தது.

சிறுபான்மையினராகிய நாம் இதை ஆழ்ந்து நோக்க வேண்டும். உரிமைக்குப் பெரும்பான்மையின் வாக்கு காவலாகலாம். அதுவே கத்தியாகவும் ஆகலாம். கேள்வியை யார் எழுதுகிறார், யார் விடையளிக்கிறார், எவ்வளவு வாக்கு போதும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் சட்டமே அவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது.