வியன்னா உபாத்தியாயர்கள் கற்ற பாடம்

முதல் உலக மகாயுத்தத்தின் முடிவில், 1918 நவம்பரில், ஆஸ்திரியப் பேரரசு சிதைந்து வியன்னா ஒரு சிறு குடியரசின் தலைநகராக எஞ்சியபோது, அந்நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த குழந்தைகளில் பலர் பசியிலும் காசநோயிலும் வாடியவர்கள். போர்முனையிலிருந்து தந்தை திரும்பி வராதவர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல வந்த உபாத்தியாயர்களில் பெரும்பாலோரோ, கீழ்ப்படிதலே மாணவ லட்சணம் என்று முடியாட்சிக் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள். பின்தங்கியவனைச் சோம்பேறி என்றும் சண்டையிடுபவனைப் போக்கிரி என்றும் முத்திரை குத்தித் தண்டித்துவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று கருதிப் பழகியவர்கள்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஓட்டோ கிளோக்கல். அரசியல் ஈடுபாடு காரணமாக 1897இல் ஆசிரிய உத்தியோகத்தை இழந்த அவர், 1922இல் வியன்னா நகரக் கல்விச் சபையின் தலைமையை ஏற்றார். பாடத்திட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, பாடம் சொல்பவரின் மனோபாவமும் திருந்த வேண்டும் என்ற உறுதியோடு, மறு வருஷமே நகரசபையின் சார்பில் ஆசிரியர்களுக்கெனக் கல்வியியல் ஸ்தாபனம் ஒன்று திறக்கப்பட்டது. மனோதத்துவ அறிஞர் ஃபிராய்டிடமிருந்து 1911இல் பிரிந்து சென்றவரும், 1915இல் வியன்னா சர்வகலாசாலையால் விரிவுரையாளர் பதவி மறுக்கப்பட்டவருமான டாக்டர் ஆல்ஃப்ரெட் ஆட்லர், 1924 முதல் இந்த ஸ்தாபனத்தில் உபாத்தியாயர்களுக்குப் போதிக்கலானார்.

ஆட்லரின் முறை பிரசங்கத்தோடு நிற்கவில்லை. நகரெங்கும் நடைபெற்ற குழந்தை ஆலோசனைக் கூடங்களில், தம்மால் சமாளிக்க முடியாத ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் எழுதிவந்த குறிப்பைச் சக ஆசிரியர்கள் முன்னிலையில் படிப்பார். ஆட்லர் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, இவன் எத்தனையாவது பிள்ளை, தொல்லை எப்போது தொடங்கியது, அதனால் இவன் அடைய விரும்புவது யாது என்று ஆராய்வார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் சிம்மாசனத்தை இழந்துவிட்டதாக உணரும் மூத்த பிள்ளை, குறும்பினாலாவது தாயின் கவனத்தைத் திரும்பப் பெற முயல்கிறது என்பது அவர் அடிக்கடி காட்டிய விளக்கம். பிறகு பெற்றோரும், அவர்களுக்குப் பின் குழந்தையும் அழைக்கப்படுவார்கள். இத்தனை பேர் முன்னிலையில் குழந்தையை நிறுத்துவது முறையா என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் தன் கஷ்டம் தனக்கு மட்டும் உரியதன்று, பிறரும் அதில் அக்கறை கொள்கிறார்கள் என்று குழந்தை உணர்வதே பாதி சிகிச்சை என்று ஆட்லர் கருதினார். தாழ்வு மனப்பான்மைக்குத் தண்டனை மருந்தாகாது, ஊக்கமும் சமுதாய உணர்வுமே மருந்து என்பது அவர் கொள்கையின் சாரம்.

கூடத்தில் கற்றதை வகுப்பில் சோதித்துப் பார்க்க, 1931இல், தொழிலாளர் நிறைந்த பிரிகிட்டனாவ் வட்டாரத்தில் ஒரு பரிசோதனைப் பள்ளி ஏற்பட்டது. ஓஸ்கார் ஸ்பீல், ஃபெர்டினாண்ட் பிர்ன்பாவும், ஃபிரான்ஸ் ஷார்மர் ஆகிய ஆசிரியர்கள் அங்கே வைத்தியரை எதிர்பாராமல் தாமே இம்முறையைக் கையாண்டார்கள்: வகுப்பில் எழும் பிணக்குகளை மாணவரே கூடிப் பேசினர், வல்லவன் மெலிந்தவனுக்குப் பாடத்தில் துணை நின்றான்.

1934 பிப்ரவரியில் மூண்ட உள்நாட்டுக் கலகத்தில், வியன்னாவை ஆண்டுவந்த, கிளோக்கலும் சார்ந்திருந்த சமூக ஜனநாயகக் கட்சி ஒடுக்கப்பட்டதும், இவ்வேற்பாடுகள் யாவும் குலைந்தன. கிளோக்கல் கைதாகிச் சிறை முகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையான மறு ஆண்டிலேயே மறைந்தார். ஆட்லர் அமெரிக்காவைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு 1937இல், ஸ்காட்லாந்தில் பிரசங்கப் பயணத்தின் நடுவே காலமானார். எனினும் இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு ஸ்பீல் அதே நெறியில் பள்ளி நடத்தினார். தம் அனுபவங்களை 1947இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஆசிரியரை மனநலப் பணிக்குத் தயார் செய்வதென்றால் விரிவுரையும் சான்றிதழும் போதும் என்று எண்ணுவோருக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. இந்தப் பிள்ளையிடம் நான் தோற்றுவிட்டேன் என்று ஓர் ஆசிரியர் சக ஆசிரியர் முன்னிலையில் கூச்சமின்றிச் சொல்லவும், சொன்னதற்காகத் தண்டனை பெறாமல் துணை பெறவும் இடமிருந்தாலன்றி, அவர் தம் மாணவனின் தோல்வியையும் அதே கண்ணோடு பார்க்கக் கற்பது அரிது.