தரை டிக்கெட்டும் வாசகர் கடிதமும்: எழுதப்படாத விமர்சன வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய எழுத்தாளர் ஒருவரைப் பற்றியோ பெரிய நூல் ஒன்றைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நாம் எழுதாதவர்களைப் பற்றிப் பேசுகிறோம். கதையைப் படித்தோ படத்தைப் பார்த்தோ, "இது நம்ம கதை இல்லையே" என்றும் "இது நமக்கு நடந்ததுதான்" என்றும் சொன்னவர்கள் அவர்கள். தமிழ் விமர்சன வரலாறு விமர்சகர்களின் பெயர்களையே அடுக்குகிறது. நம் மக்களிடையிலோ விமர்சனம் பெரும்பாலும் பெயர் பதியாதவர்களின் பேச்சில்தான் வளர்ந்தது.

அச்சில் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையே பெயரானது. வாசகர்கள் ஐயங்களை எழுதி அனுப்ப, பண்டிதர் விடை எழுதினார். மறு ஆண்டே, வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 'ஒரு பைசா' நீங்கி இதழ் 'தமிழன்' ஆயிற்று. வாசகர் சொல்லுக்குப் பத்திரிகையின் பெயரையே மாற்றும் மதிப்பு அங்கே இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகும் அந்தப் பெயர் மறையவில்லை. 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் அது மீண்டும் வந்தது. சுரங்கத்தில் உழைத்தவர்களின் ஊர் பத்திரிகை நடத்தும் ஊராகவும் இருந்தது.

பண்டிதர் தாமே ஒரு பெரும் வாசகர். பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் தீயில் மூழ்கித்தான் தில்லைக்குள் நுழைகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் வேதியப் பண்ணையார் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தார். பண்டிதரோ 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனைச் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். இதற்குச் சான்று போதுமா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். நமக்கு முக்கியம், "கதையில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் எங்கள் இடம்தானா?" என்று ஒரு வாசகர் கேட்டார் என்பது. நம் வாசிப்பு மரபின் முதல் கேள்வி அது.

அதே நந்தன் திரைக்கும் வந்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். 1935ஆம் ஆண்டுப் படத்தைக் கேலி செய்து 'ஆனந்த விகட'னில் கல்கி எழுதிய விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்த சேரிக்காரர் என்ன சொன்னார்? அது அச்சில் ஏறியது அரிது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. திரையில் நந்தனுக்குத் திறந்த கதவு, கொட்டகையை விட்டு வெளியே வந்தவருக்குச் சாத்தியே இருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இல்லாமல் இருந்திருக்க முடியாது. பத்திரிகைக்காரரின் கருத்து ஆவணமாயிற்று, இவர் கருத்து வீட்டோடு நின்றது.

அடுத்தது வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. இந்த நிகழ்வை அடிப்படையாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று திரைப்படமும் ஆனது. நாவல் பண்ணையாரின் கொடுமைக்குக் காரணத்தை அவருடைய ஆண்மைக் குறையில் தேடியது. இடதுசாரி வாசகர்களும் தலித் வாசகர்களும் விடாமல் கேட்டார்கள்: "கூலிக்கும் சாதிக்கும் செங்கொடிக்கும் நடந்த சண்டையை ஒருவருடைய உடற்குறையாகச் சுருக்கலாமா?" விருது வாங்கிய நாவல் என்பதால் அந்தக் கேள்வி ஓயவில்லை. இன்று அந்நாவலைப் பற்றிப் பேசுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

நாம் பிறரை மட்டும்தான் கேள்வி கேட்டோமா என்றால், இல்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது முதலில் கோபப்பட்டவர்களில் அவருடைய சொந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நம் வீட்டுச் சேதியை ஊரறியச் சொல்லலாமா என்ற கோபம் அது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் குடும்பத்தின் வாழ்க்கையைச் சொன்னபோது நம் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களை ஒடுக்குகிறவர்களாகக் காட்டி ஒற்றுமையைக் குலைக்கிறது என்றனர் ஒரு சாரார். நமக்குக் கீழே ஒருவரை வைத்திருக்கிறோம் என்பதை மறைத்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா என்றனர் மறு சாரார். சாதி ஒழிப்பு யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்வி ஒரு நாவலை வைத்து நமக்குள் விவாதமானது. இந்த வாக்குவாதமும் நம் விமர்சன வரலாறுதான், அதில் மிகக் கடினமான பகுதியும் அதுவே.

ஆகவே, தோழர்களே, நாம் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஒரு நாவலைப் பற்றியோ படத்தைப் பற்றியோ கூடிப் பேசும்போது, ஒருவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்: யார் சொன்னார், எந்த ஊர், என்ன தேதி, என்ன சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, படம் பார்த்துவிட்டுச் சொன்னதையும் அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டாம். நாம் ஒப்புக்கொள்ளாத கருத்தையும் விட்டுவிட வேண்டாம். டெண்டுக் கொட்டகையில் படம் பார்த்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மாதமே போய்க் கேட்போம்.