ஹவாய்த் தோட்டத்துப் பலகை வீடு



பலகைச் சுவருக்குச் சரித்திரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும். இன்று நான் சொல்லப்போவது பசிபிக் கடல் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் எழுந்த பலகை வீடுகளைப் பற்றி.

அங்கே 1852ஆம் ஆண்டில் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். பிறகு ஜப்பானியர், போர்த்துக்கீசியர், பிலிப்பினோக்கள் வந்தனர். இவர்களைக் குடியமர்த்தக் குறைந்த செலவில், விரைவாகக் கட்டக்கூடிய வீடு தேவைப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் மரம் வந்தது. ஓர் அங்குலக் கனமுள்ள அகலப் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இரு பலகை சேரும் இடுக்கின்மேல் ஒரு மெல்லிய சட்டத்தை அடித்து மூடிவிடுவார்கள். சுவர் முடிந்தது! உள்ளே தூண் இல்லை; கூரையின் பாரத்தை அந்தப் பலகைகளே தாங்கின. குளிர் இல்லாத ஊராகையால் ஒற்றைச் சுவர் போதுமானதாயிற்று. ஈரமும் கரையானும் ஏறாதிருக்க, வீட்டைக் குட்டைக் கால்களின்மேல் உயர்த்தினார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு தச்சு நுட்பம் இருக்கிறது. மழைக்காலத்தில் பலகை அகலவாட்டில் உப்பும்; வெயிலில் சுருங்கும். சட்டத்தை இரு பக்கப் பலகைகளோடும் இறுக்கி ஆணியடித்தால், பலகை அசைய இடமின்றி வெடித்துவிடும். ஆகவே விவரமறிந்த தச்சர் பலகைகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டு, சட்டத்தை ஒரு பலகையோடு மட்டும் பிணைப்பார். மற்றது சட்டத்தின் அடியில் தாராளமாக அசையும்.

வீடு இலவசம்தான். ஆனால் யாருடைய வீடு? 1909இல் ஒவாகு தீவில் ஏறத்தாழ 7,000 ஜப்பானியத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வேலைக்குப் போர்த்துக்கீசியருக்கு மாதம் இருபத்திரண்டரை டாலர், இவர்களுக்குப் பதினெட்டு. நிர்வாகம் செய்த முதற்காரியங்களில் ஒன்று, குடும்பங்களை வீட்டிலிருந்து வெளியேற்றியது. 1920இல் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் சேர்ந்து நிறுத்தியபோது 12,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். அது விஷக்காய்ச்சல் பரவியிருந்த நேரம். குழந்தைகளோடு இடம் தேடி அலைந்தார்கள். துரையிடம் சாட்டை இருக்க வேண்டியதில்லை, வீட்டுச் சாவி இருந்தால் போதும்.

1946 செப்டம்பரில் எல்லா இனத்தவரும் ஒரே சங்கமாக நின்று 79 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் முடிவில் வீடு, விறகு, வைத்தியம் ஆகியவற்றைச் சலுகையாகக் கொடுக்கும் முறை ஒழிந்து, அவற்றின் மதிப்பு ரொக்கக் கூலியோடு சேர்க்கப்பட்டது. இலவச வீட்டை எவராவது விட்டுக்கொடுப்பாரா என்று நம்மவர் சிலர் வியக்கலாம். வாடகை கொடுத்தால்தான் துரையின் தயவில் குடியிருக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். என் எண்ணத்தில் அது சரியான கணக்கே. பின்னர் சில தோட்டங்கள் அந்த வீடுகளைத் தொழிலாளருக்கே விற்றன.

ஹவாயின் கடைசிக் கரும்பு ஆலை, மாவி தீவில் 2016இல் மூடப்பட்டது. ஒவாகுவிலுள்ள வைப்பாகு என்ற பழைய தோட்டத்து ஊரில், அத்தகைய வீடுகளை இனவாரியாக அமைத்துக் காட்சியாக வைத்திருக்கிறார்கள்.